எல்லாத்துக்கும் ஓம்

கடல் வந்து போன பிறகு எங்கள் ஊருக்கு உதவி செய்யாதவர்கள் என்று உலகத்தில் யாருமே மிச்சமில்லை. பாய் தந்தார்கள், பானை தந்தார்கள், குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டை தந்தார்கள். சாய்ந்தமருது வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு யார் திரிவது? இரண்டாம் வருடம் ஒரு மென்பொருளையும் தந்தார்கள். வீடிழந்தவர்களின் விவரங்களைக் கொம்பியூட்டரில் பதிந்து, புது வீடு யார் பெயரில் என்று தீர்மானிக்கிற மென்பொருள். கொழும்பில் யாரோ செய்தது. முழுக்க முழுக்க ஆங்கிலம்.

அதைப் பாவிக்க வேண்டியவர்களோ எங்கள் கரையோர அரசாங்கக் கந்தோர்களில் இருந்த கிளாக்கர்மார். எங்கேயாவது தடுமாறினால் ஒரு விசையை அழுத்த, உதவிப் பக்கம் திறக்கும். அதுவும் ஆங்கிலம். தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்கு நீச்சல் புத்தகத்தை எறிந்தது போலத்தான். அதனால் உதவிப் பக்கங்களைத் தமிழில் செய்யும் வேலை, கல்முனையில் புடவைக் கடைக்கு மேலே கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய மசூர் சேருக்கு வந்தது. சேர் அதை என் தலையில் கட்டினார். நான் அங்கே தட்டச்சுப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் றிபா. வாய்க்காரி என்று ஊரில் பெயர், அது பொய்யுமில்லை.

நிபந்தனை இதுதான். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, காரைதீவில் தற்காலிகமாகத் திறந்திருந்த வீட்டுப் பதிவுக் கந்தோரில் எங்கள் வேலையைச் சோதிப்பார். அவருக்குப் பிடித்தால் தமிழ் உதவி சீடியாகக் கரையோரக் கந்தோர்கள் எல்லாவற்றுக்கும் போகும். பிடிக்காவிட்டால் ஆங்கிலமே கதி.

எனக்கு இதில் சொந்த அலுவலும் ஒன்று இருந்தது. என் கூடப்பிறந்த அக்கா, சபூறா ராத்தா. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஸைனுலாப்தீன் மச்சானும் அப்படி ராத்தாவின் வீட்டுக்கு வந்தவர்தான். தங்கமான மனிதர். கட்டாரில் லொறி ஓட்டப் போயிருந்த நேரம் கடல் வந்து அந்த வீட்டை அடியோடு எடுத்துப் போனது. ராத்தாவும் மூன்று பிள்ளைகளும் தப்பியது அல்லாஹ்வின் காவல். புது வீட்டுக்குப் பதியப் போனால், குடும்பத் தலைவர் என்ற இடத்துக்குக் கணவரின் அடையாள அட்டை இலக்கம் வேண்டும், கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அட்டை கடலில், ஆள் கட்டாரில். மச்சான் தொலைபேசியில் என்னிடம் கத்தினார்.

"அது என்ட வீடில்ல புள்ள, அவட வீடு. அவட பேர எழுதச் சொல்லு."

கந்தோரில் கோகிலன் என்ற கிளாக்கர் இருந்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். கொம்பியூட்டர் எடுக்குதில்லை என்று சொல்லி ராத்தாவின் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டான். அப்படி ஒதுக்கிய கோப்புகள் ஒரு மேசை நிறையக் கிடந்தன, அத்தனையும் பெண்களுடையவை. வருடக் கடைசியோடு பதிவு முடிந்துவிடும். அதற்குள் உள்ளே போகாத பெயருக்கு வீடு இல்லை. ராத்தா தகரக் கொட்டிலிலேயே வெந்து கிடக்க வேண்டியதுதான்.

வேலையில் எனக்குக் கூட்டாளி தர்சிகா, பெரியநீலாவணைப் பிள்ளை. நான் எழுத, அவள் மென்பொருளின் ஒவ்வொரு திரையையும் திறந்து படம் பிடிப்பாள். நான் நூறு வார்த்தை கதைத்தால் அவள் ஒன்று கதைப்பாள். அந்த ஒன்றை ஒரு பகல் கதைத்தாள்.

"அக்கா, இஞ்ச பாருங்க. இந்தப் பெட்டியில சரி போட்டா புருசன்ட நம்பர் கேக்குதில்ல."

குடும்பத் தலைவர் என்ற இடத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு குட்டிச் சதுரம். அதில் சரி அடையாளம் போட்டால் வேறொரு திரை திறந்தது. வீட்டின் உரிமையாளர் பெண் என்றால் அவளுடைய அட்டை இலக்கம் மட்டும் போதும். செய்தவன் நல்லவன், வழி வைத்துத்தான் செய்திருக்கிறான். ஆங்கில உதவியில் அதைப் பற்றி எங்கோ அடியில் ஒரு வரி கிடந்தது. நான் தர்சிகாவைக் கட்டிப்பிடித்த பிடியில் அவளுடைய கண்ணாடி வளைந்துபோனது.

அன்றே பஸ் ஏறிப் போய்க் கோகிலனிடம் சொன்னேன். அவன் கேட்டான், தலையை ஆட்டினான், கோப்பை எடுக்கக் கையை மட்டும் நீட்டவில்லை. யாரோ வந்து வாயால் சொன்னதைக் கேட்டுச் சரி போட்டேன் என்று நாளைக்கு விசாரணை வந்தால் தன் வேலை போய்விடும் என்றான். உதவிப் பக்கத்தில் எனக்கு விளங்குகிற தமிழில் இருந்தால் காட்டுங்கள், செய்கிறேன் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுடைய மேசையையே கவிழ்த்திருப்பேன். ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே ராத்தாவின் வீடு இனி என் கையில், ஒரு பக்கத்தில்.

இந்த உதவிப் பக்கங்கள் இணையத்தளம் போலவே உலாவியில் திறக்கும், இணைப்புத் தேவையில்லை. ஆனால் பக்கத்துக்குள் இருப்பது எழுத்து மட்டும்தான். படங்கள் தனிக் கோப்புகள். எழுத்து எந்த அளவில், வரிகளுக்கிடையே எவ்வளவு இடம் என்று சொல்வதற்கு ஒரு கோப்பு. இடப்பக்கம் பொருளடக்கத்தை விரித்து மூட இன்னொன்று. நிறுவனத்தின் சின்னம் வேறு. இந்தத் துணைக் கோப்புகள் தங்கள் தங்கள் இடத்தில் இல்லாவிட்டால் பக்கம் மொட்டையாக நிற்கும். எங்கே எதை வைப்பது என்பதுதான் வேலையின் பாதி.

நான் எங்கள் ஊர் முறைப்படி வைத்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு போல்டர், அந்தப் போல்டருக்குள் எல்லாம் முழுசாக. சொந்தப் படங்கள், சொந்த எழுத்துக் கோப்பு, சொந்தச் சின்னம். படங்களுக்குப் பெயர் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே கோப்பை எதற்கு இத்தனை இடத்தில் வைக்கிறாய் என்று சேர் கேட்டார்.

"பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்கக்குள்ள, உரல் அடுத்த வீட்டில இரிக்கி, போய் இடிச்சிக்க எண்டு சொல்லுவமா சேர்?" என்றேன்.

சேர் விட்டுவிட்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அதிகாரி வருமுன் நாங்களே வைத்த முதல் பரீட்சைக்குக் கந்தோருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பழைய இயந்திரத்தில் வரிகள் நெருங்கி, 'கீ', 'வீ' எல்லாவற்றின் தலையும் வெட்டுப்பட்டு நின்றன. வீடு என்று எழுதியது வேறு என்னவோ போல் தெரிந்தது. திருத்தம் சின்னது. எழுத்துக் கோப்பில் ஒரே ஒரு வரி. ஆனால் அந்தக் கோப்பைத்தான் நான் எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்றாகச் சீதனம் கொடுத்திருந்தேனே! விரல் நோக நோக எல்லாவற்றையும் திறந்து திருத்தினேன். ராத்தாவுக்கான பக்கத்தை மட்டும் தனியாக ஒரு டிஸ்கில் வைத்து, நாளுக்கு நாள் மினுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் செல்லப் பிள்ளையைக் கடைசியாக டிஸ்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே போட்டேன், அதன் பழைய எழுத்துக் கோப்போடு சேர்த்து. இரண்டாம் பரீட்சையில் எல்லாப் பக்கமும் பளிச்சென்று வந்தது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது என்ற பக்கம் மட்டும் தலையில்லாமல் வந்தது.

கோகிலன் மெதுவாகச் சொன்னான், எல்லாம் நல்லாயிருக்கு, இந்த ஒன்றுதான் வாசிக்க ஏலாது என்று. எனக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மசூர் சேர் பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டார். சேர் துப்புரவுப் பிரியர். மேசையில் பேனை கோணலாகக் கிடந்தாலே நேராக்குவார். அடுத்த நாள் நான் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, எல்லாப் போல்டரிலும் இருந்த துணைக் கோப்புகளை வெட்டியெடுத்து ஒரே போல்டருக்குள் கொட்டினார். இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதே, இதை அதன் மேல் வைக்கட்டுமா என்று கொம்பியூட்டர் பாவம் கேட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சேருக்குப் பொறுமை இல்லை. எல்லாத்துக்கும் ஓம் என்ற பொத்தானை அழுத்திவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது பக்கங்களின் வழியையும் அந்தப் போல்டருக்கு மாற்றி முடித்திருந்தார், முகம் நிறையச் சிரிப்பு.

"பாருங்க றிபா, எவ்வளவு துப்புரவா இரிக்கி!"

ராத்தாவின் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துக்குத் தலை வந்திருந்தது. படம் இருந்த இடத்தில், அச்சு இயந்திரத்தில் தாள் வைப்பது எப்படி என்ற படம். அடுத்த பக்கத்தைத் திறந்தேன், அதிலும் தாள். கடவுச்சொல் மாற்றுவது எப்படி? தாள். முகவரி திருத்துவது எப்படி? தாள். அச்சிடும் தலைப்பு கடைசித் தலைப்பு, அதன் ஒன்றும் இரண்டும் மூன்றும் மற்ற எல்லோருடைய ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தன. வெட்டியெடுத்ததால் பழைய இடத்திலும் எதுவுமில்லை. பரீட்சைக்குக் கொண்டுபோன சீடி அழித்து எழுதுகிற சாதி. அதையும் காலையிலேயே அழித்துத் துடைத்து வைத்திருந்தார் மனிதர்.

நான் போட்ட சத்தத்தில் கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒன்று இரண்டு என்று பெயர் வைத்த மடைச்சி நான்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கேட்டதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்று சொல்ல நீங்கள் என்ன கலியாணப் பெண்ணா என்று கேட்டுவிட்டேன். சேரின் முகம் வெளிறிப்போனது. பிறகு எனக்கு அழுகை வந்தது. அடுத்த கிழமை கொழும்பு அதிகாரி வருகிறார். ராத்தா அந்தத் தகரத்துக்குக் கீழே பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருப்பாள்.

தர்சிகா இந்தக் கூத்துக்குள்ளேயே மென்பொருளைத் திறந்து முதலாம் திரையை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"சண்ட முடிஞ்சாச் சொல்லுங்க அக்கா. நான் முதல் படத்த எடுக்கப்போறன்."

எடுத்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தாள். நாங்கள் இருவரும் வெட்கப்பட்டு அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம். இந்த முறை மூன்று பேரும் கூடிக் கதைத்து, எது எங்கே என்று முடிவெடுத்தோம். எழுத்துக் கோப்பும் பொருளடக்கக் கோப்பும் சின்னமும் எல்லோருக்கும் பொது, ஊர்க் கிணறு மாதிரி, அவற்றுக்கு ஒரு பொதுப் போல்டர். அதில் சேர் சொன்னது சரி. படம் அந்தந்தப் பக்கத்துக்கே சொந்தம், அது அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். அதில் நான் சொன்னது சரி. ஒவ்வொரு படத்தின் பெயரிலும் அதன் பக்கத்தின் பெயரும் இருக்க வேண்டும், பிறகு எந்தத் துப்புரவுக்காரர் எங்கே கொட்டினாலும் ஒன்றை ஒன்று விழுங்காது. அது தர்சிகா சொன்னது. சேர் தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழும்ப, தர்சிகா விடவில்லை. வகுப்பின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த இன்னொரு கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தாள். பக்கங்கள் மொட்டையாக வந்தன. பொதுப் போல்டருக்கு வழி எழுதும்போது, எங்கள் இயந்திரத்தின் எந்த டிரைவ், எந்தப் போல்டர் என்று முழு முகவரியாக எழுதியிருந்தேன். வேறு இயந்திரத்தில் அந்த முகவரிக்கு எங்கே போவது? ஒரே வளவுக்குள் வழி கேட்டால், வெளியே வந்து பக்கத்து வீடு என்று சொன்னால் போதாதா? அப்படியே மாற்றினேன். இந்தப் போல்டரிலிருந்து ஒரு படி வெளியே வா, பக்கத்துப் பொதுப் போல்டருக்குள் பார். அதன் பிறகு எந்த இயந்திரத்தில் போட்டாலும் பக்கங்கள் நகை நட்டோடு வந்தன.

அந்த நாள் வந்தது. ஒதுக்கப்பட்ட கோப்புக்காரிகள் எல்லோரையும் வரச் சொல்லி வீடு வீடாக, கொட்டில் கொட்டிலாகத் திரிந்து சொல்லியிருந்தேன். சோதனைச் சாவடியில் சீடியைத் தூக்கிப் பார்த்த சிப்பாய், பாட்டா படமா என்று அரைத் தமிழில் கேட்டான். தர்சிகாவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கப் போனேன், தர்சிகா என் காலை மிதித்தாள். போகவிட்டான்.

கந்தோர் விறாந்தை பெண்களால் நிறைந்திருந்தது. சபூறா ராத்தா சுபஹு தொழுத கையோடு வந்து கதவடியில் போட்டிருந்த மர வாங்கில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொழும்பு அதிகாரி, கண்டிப்பான ஓர் அம்மணி, நல்ல தமிழ் கதைத்தார். கிளாக்கர் தனியாகச் செய்ய வேண்டும், யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்றார். நீங்கள் சொல்லித்தான் அவர் செய்வார் என்றால் சீடி எதற்கு, உங்களையே எல்லாக் கந்தோருக்கும் அனுப்பிவிடலாமே என்றும் சொன்னார். மசூர் சேர் என்னைப் பார்த்த பார்வையில் பெரிய மன்றாட்டம் இருந்தது. யா அல்லாஹ், எனக்கா இந்தச் சோதனை!

இதுவரை பதிய முடியாத ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றார் அம்மணி. கோகிலன் கதவடியில் இருந்த முதல் ஆளைக் கூப்பிட்டான். ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே வந்து கதிரை நுனியில் இருந்தாள்.

பெயர் அடித்தான், முகவரி அடித்தான். குடும்பத் தலைவர் என்ற இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில், உங்கட அவருட அடையாள அட்டையத் தாங்க என்றான். அவர் கட்டாரில் என்றாள் ராத்தா. கோகிலனின் கை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

அவன் உதவி விசையை அழுத்தினான். பக்கம் திறந்தது, எழுத்து எல்லாம் தலையோடு. இடப்பக்கத்தில் பொருளடக்கம் விரிந்தது. கோகிலன் முணுமுணுத்து வாசித்துக்கொண்டே கீழே போனான். முகவரி திருத்தும் பக்கத்தைத் திறந்தான். ஐயோ, அதில்லையடா! தர்சிகாவின் கையைப் பிடித்து நெரித்தேன், அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அதை மூடினான். இன்னும் கீழே போனான். 'கணவர் வெளிநாட்டில் இருந்தால்' என்ற தலைப்பில் அவனுடைய மௌஸ் நின்றது.

திறந்தது. தாள் இல்லை, இயந்திரம் இல்லை. அவன் முன்னால் இருந்த அதே திரையின் படம், குட்டிச் சதுரத்தைச் சுற்றித் தர்சிகா போட்ட சிவப்பு வட்டத்தோடு. கோகிலன் படத்தைப் பார்த்தான், மென்பொருளைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான். சரி அடையாளம் போட்டான். புதுத் திரை வந்தது. அடுத்த படத்தில் எங்கே எதை எழுதுவது என்று இருந்தது. ராத்தா கடலுக்குப் பிறகு புதிதாக எடுத்திருந்த சொந்த அட்டையைக் கேட்டு வாங்கி, இலக்கத்தை ஒவ்வொன்றாக அடித்தான். பொத்தானை அழுத்தினான். பழைய இயந்திரம் யோசித்தது, யோசித்தது. பிறகு ஏதோ ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கோகிலன் பதறவில்லை. மூன்றாம் படத்தில் அதே வரி, அதன் கீழே தமிழில் 'பதிவு முடிந்தது' என்று நான் எழுதியது. அச்சுப் பொத்தானை அவனாகவே அழுத்தினான்.

அம்மணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தமிழ் உதவி எல்லாக் கந்தோருக்கும் போகும் என்றார், அக்கரைப்பற்றுக்கு நாளைக்கே ஒரு பிரதி வேண்டும் என்றார். மசூர் சேர் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். தர்சிகா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

கோகிலன் அச்சான தாளை ராத்தாவின் முன்னால் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னான். தாள் முழுக்க ஆங்கிலம். ராத்தா பேனையைத் தொடவில்லை.

"தம்பி, வீடு ஆருக்கெண்டு போட்டிரிக்கி?"

"உங்களுக்குத்தான் அக்கா. உங்கட பேர்தான் இருக்கு."

"வாசிங்க."

வாசித்தான்.

"கொஞ்சம் சத்தமா வாசிங்க. வெளிய இரிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

அந்தப் பயந்தவன் எழும்பி நின்றான். தாளை இரண்டு கையாலும் பிடித்து, வீட்டின் உரிமையாளர் சபூறா என்று விறாந்தை முழுக்கக் கேட்க வாசித்தான். ராத்தா கையெழுத்துப் போட்டாள். வெளியே வாங்குகள் கிறீச்சிட்டன. பெண்கள் எல்லோரும் ஒன்றாக எழும்பிக் கதவடிக்கு வந்துவிட்டார்கள். கோகிலன் அமர்ந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், எந்தப் பக்கத்தையும் திறக்காமல், முன்னால் நின்றவளிடம் கையை நீட்டினான்.

"உங்கட அடையாள அட்டையத் தாங்க."